காட்டெருமைக்கு நிக்கிற ரோடு

வாங்க தம்பி. டேப்பைச் சுருட்டிப் பைக்குள்ள போட்டுட்டு இந்த டீக்கடை பெஞ்சுல உக்காருங்க. காலையிலருந்து நாலு ரோடு கூடுற இந்த மூலைய அளந்து நோட்டுல ஏத்திக்கிட்டு இருக்கீங்க. அந்தப் பக்கம் நிக்கிற உங்க ஜீப்புக்குப் போக மூணு தடவை காலெடுத்து வச்சீங்க, மூணு தடவையும் பின்வாங்கினீங்க. அதையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வயசானவனுக்கு வேற என்ன பொழுதுபோக்கு?

மணி இப்ப பதினொண்ணு. பிள்ளைங்க எல்லாம் வகுப்புக்குள்ள. தேயிலைத் தோட்டத்துல காலைப் பெரட்டு கலைஞ்ச பிறகு ஆள் எண்ண வந்த கணக்கப்பிள்ளை மாதிரி வந்திருக்கீங்க. எட்டே முக்காலுக்கு வந்திருந்தா எம் பேத்தியப் பாத்திருக்கலாம். காதை மூடுன குரங்குக் குல்லா, கருநீல ஸ்வெட்டர், கம்பி ஒடிஞ்ச குடைய முகத்துக்கு முன்னால சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு வருவா. குல்லாவால ஹாரன் கேக்காது, குடையால லாரி தெரியாது. மூடுபனிக்குள்ள அந்தக் கருநீலம் லாரிக்காரனுக்கும் தெரியாது. அவ கண்ணுக்குத் தெரியறது அவ செருப்பு மட்டும்தான். பத்து வருசமா இந்த மூலையில பிள்ளைங்க தாண்டிக்கிட்டு இருக்குதுங்கன்னா அது கடவுள் பாத்துப் போட்ட டிராபிக் டூட்டி.

அந்த வெள்ளைப் பட்டைய எங்க போட்டிருக்காங்கன்னு பாருங்க. பள்ளிக்கூட கேட்டுக்கு நேரா, நல்ல சமதளத்துல, போட்டோ எடுக்க லட்சணமா இருக்கு. ஆனா பிள்ளைங்க அங்க தாண்டுறதில்ல. மலையில ரோடு ஒரு வழி போகும், கால் ஒரு வழி போகும். ரோடு வண்டிக்காகச் சுத்திச் சுத்தி ஏறுது. லயத்துல இருந்து இறங்குற பிள்ளை தேயிலைக்கு நடுவுல குறுக்குப்படியில ஓடி வந்து குதிக்கிற இடம், அதோ, வளைவோட வயித்துல இருக்கே, அந்த ஒடிஞ்ச படிக்கட்டு. மேல இருந்து வர்றவனுக்கு அந்தப் படி தெரியாது, படியில வர்றவனுக்கு மேல தெரியாது. பட்டைய அங்கருந்து நாப்பது அடி தள்ளிப் போட்டா, பிள்ளை பட்டையத் தேடிப் போகுமா? பட்டைதான் பிள்ளையத் தேடி வரணும். வளைவுக்கு வெளிப்பக்கம் ஒரு கண்ணாடி, படி முடியுற இடத்துல பிள்ளை ஒரு நிமிசம் நின்னு பாக்கக் கொஞ்சம் திட்டு, ஒரு கைப்பிடிக் கம்பி. இதுக்கு அமெரிக்காவுலருந்து ஆள் வர வேண்டாம்.

போன மாசம் இதே மூலையில ஒரு காட்டெருமை வந்து நின்னுச்சு. அடடா, அந்த மரியாதையை நீங்க பாத்திருக்கணும்! நாலு பக்கமும் வண்டி தானா நின்னுச்சு. ஒருத்தன் ஹாரன் அடிக்கல. டூரிஸ்ட் வேன்காரன் இன்ஜினையே அணைச்சுட்டான். அது நடு ரோட்டுல நின்னு அசை போட்டுச்சு, வாலை ஆட்டுச்சு, அப்புறம் மனசு வந்து மெதுவா நகர்ந்துச்சு. அதுக்கு யாரு பட்டை போட்டா? ஆயிரம் கிலோ இருந்தா மரியாதை, இருபது கிலோ இருந்தா ஹாரன். அதனால என் யோசனை, அடுத்த வருச இலவச யூனிபார்மோட ஆளுக்கு ஒரு ஜோடிக் கொம்பு குடுத்துடுங்க. சிரிக்காதீங்க, எழுதிக்கோங்க.

எண்ணத் தெரியாத மலைன்னு நம்மள யாரும் சொல்ல முடியாது. ஐகோர்ட் சொன்னதுல 2024 மே 7லருந்து ஊட்டிக்கு வர்ற வண்டிக்கு இ-பாஸ் வந்துச்சு. அடுத்த வருச சீசனுக்கு, சாதாரண நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000 வண்டின்னு கணக்கு வச்சாங்க. வெளியூர் வண்டி வந்தா சோதனைச் சாவடியில பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலைத் துழாவி எடுத்துடுவாங்க. ரொம்ப நல்ல காரியம். வண்டிய எண்ணியாச்சு, பாட்டிலை எண்ணியாச்சு. இந்த மூலையில காலையில எத்தனை பிள்ளை தாண்டுதுன்னு உங்க நோட்டுல இருக்கா? நான் எண்ணி வச்சிருக்கேன், கேட்டா சொல்லுவேன்.

சீசன்னா இந்த மூலைக்கும் ராஜயோகம். ஏறுறது குன்னூர் வழி, இறங்குறது கோத்தகிரி வழின்னு ஒருவழிப் பாதை, மூலைக்கு மூலை கயிறு, விசில், தொப்பி. மே மாசம் முழுக்க இங்க ரோடு தாண்டுறது அவ்வளவு பாதுகாப்பு. என்ன, தாண்டுறதுக்குப் பிள்ளைங்கதான் கிடையாது. பள்ளிக்கூடம் லீவு. ஜூன்ல பிள்ளை வரும், மழை வரும், பனி வரும். தொப்பி போயிடும்.

வண்டிக்காரன் சங்கதிக்கு வருவோம். மலை ரோட்டுல ஏறி வர்ற வண்டிக்கு இறங்குறவன் வழி விடணும்னு சட்டமே இருக்கு. ஏறுற கியர்லதான் இறங்கணும்னு பழைய டிரைவர்மாருங்க சொல்லுவாங்க. இப்ப வர்ற ராசாக்கள் பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல உருட்டி விடுறாங்க. பத்து ரூபா பெட்ரோலை மிச்சம் பிடிச்சு, பிரேக்கைப் புகைய விட்டு வந்து சேருறது நம்ம மூலைக்கு. 40 கி.மீ. வேகத்துல வந்தா, 'ஐயோ பிள்ளை'ன்னு அவன் நினைக்கிற அந்த ஒரு நொடிக்குள்ள வண்டி 11 மீட்டர் போயிருக்கும். ஏறக்குறைய ஒரு பஸ் நீளம். அதுக்கப்புறம்தான் கால் பிரேக்குக்கே போகும். ஈர ரோட்டுல, இறக்கத்துல, மிச்சத்தை நீங்களே அளந்துக்கோங்க, டேப் உங்ககிட்டத்தான் இருக்கு. 2020ல ஸ்டாக்ஹோம்ல உலகத்து மந்திரிமாருங்க கூடி, ஆளும் வண்டியும் கலக்குற இடத்துல 30க்கு மேல வேண்டாம்னு சொன்னாங்களாம். டீக்கடைப் பேப்பர்ல படிச்சேன்.

வேகத்தடை கேட்டுப் பாத்தோம். நம்ம நாட்டுல வேகத்தடைங்கிறது நடுகல் மாதிரி தம்பி, யாராவது விழுந்தாத்தான் எழும்பும். 2012ல தாம்பரம் பக்கம் பள்ளிக்கூட பஸ்ஸோட தளத்துல இருந்த ஓட்டை வழியா ஒரு ரெண்டாங் கிளாஸ் பிள்ளை விழுந்து செத்துப்போச்சு. அந்த வருசமே பள்ளி பஸ்ஸுக்குன்னு தனி விதி வந்துச்சு. பிள்ளைய ஏத்தி இறக்க பஸ்ஸுல உதவியாள் நிக்கிறாங்களே, அது அந்த விதிதான். இதை வச்சு நான் கேலி பேச மாட்டேன். டீ ஆறுது, குடிங்க.

அப்பன்மாரையும் விடக் கூடாது. 'எம் பிள்ளைக்குப் பாதுகாப்பு'ன்னு காரைக் கொண்டாந்து ஒரு சக்கரம் சாக்கடையில, ஒரு சக்கரம் பட்டை மேலன்னு கேட்டை அடைச்சு நிறுத்துவாங்க. நடந்து வந்த பிள்ளை அந்தக் காரைச் சுத்தி நடு ரோட்டுக்கு வந்துதான் உள்ள போகணும். இன்னொருத்தர் ஒன்பதாங் கிளாஸ் பையன் கையில ஸ்கூட்டியக் குடுத்துட்டு மீசையைத் தடவிக்கிட்டு இருக்கார். 2019ல மாத்துன சட்டப்படி பையன் ஓட்டித் தப்பு நடந்தா அப்பனுக்கு 25,000 ரூபா அபராதமும் 3 வருசம் வரைக்கும் ஜெயிலும்னு சொன்னேன். 'அதெல்லாம் கீழ கோயமுத்தூர்ல, பெருசு'ங்கிறார். சட்டத்துக்கு மலையேறினா மூச்சு வாங்கும்போல.

இங்கிலீஷ்காரன் இந்த மலைக்குத் தேயிலையக் கொண்டாந்தான், ரயிலைக் கொண்டாந்தான், ஊட்டி நாற்சந்திக்குச் சேரிங் கிராஸ்னு பேரையும் கொண்டாந்தான். ஒண்ண மட்டும் அவன் ஊர்லயே விட்டுட்டான். அங்க 1937லயே பாத்ங்கிற ஊர்ல பள்ளிப் பிள்ளைங்களை ரோடு தாண்டி விட ஒரு அம்மாவை வேலைக்கு வச்சாங்க. இப்ப அங்க நம்ம வயசு ஆளுங்க வட்டப் பலகை மாட்டுன கம்போட ரோட்டுல இறங்குனா எப்பேர்ப்பட்ட காரும் நிக்கணுமாம், நிக்காட்டிக் குத்தமாம். எனக்கு அந்த உத்தியோகம் போதும். 1974ல இலங்கையிலருந்து வந்து ராமேஸ்வரத்துல கப்பல் இறங்குனப்ப எனக்கு 21 வயசு. அதுக்கப்புறம் கவ்வாத்துக் கத்தியத் தவிர கையில எதையும் பிடிச்சதில்ல. ஒரு சிவப்புக் கொடி பிடிச்சா கை வலிச்சிடாது. சம்பளம் காலையில ஒரு டீ, சாயங்காலம் ஒரு டீ. வடை உங்க இஷ்டம்.

கிளம்புறீங்களா? ஜீப் அந்தப் பக்கம்தானே. இருங்க, குடைய எடுத்துக்கிறேன். மேல வளைவுல ஏதோ சத்தம் கேக்குது, வேன் போலத் தெரியுது. பயப்படாதீங்க தம்பி, என் கையைப் பிடிச்சுக்கோங்க.