15 கிலோவுக்குள் ஒரு கடல்

சென்னையிலிருந்து அந்தமானுக்கு டைவிங் கிளம்புகிறீர்கள். அங்குள்ள ஹேவ்லாக் தீவுக்கு 2018-இல் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். வாடகைக்கு ஸ்கூபா சாமான் தரும் வழக்கத்தை மாற்றவில்லை. ஆனாலும் யார் யாரோ கடித்த மவுத்பீஸை நாம் கடிப்பதாவது! சொந்தமாக வாங்கியாயிற்று. இனி அதைக் கட்டும் வழி:

1. கணக்கு: உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. பி.சி.டி. எனும் காற்று ஜாக்கெட், வெட்சூட், ஃபின்ஸ், ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்து 10 கிலோவைத் தொடும். பெட்டியே 4 கிலோ. மிச்ச இடத்தில் ஒரு வாரத் துணி. ஒரே சட்டை போதும், மீன்கள் கண்டுகொள்ளாது.

2. சிலிண்டர்: ஆசையை அடக்குங்கள். வழக்கமான அலுமினிய சிலிண்டர் காலியாகவே 14 கிலோ. ஈயக்கட்டியும் வேண்டாம். மூழ்குவதற்கென்றே செய்த பொருளை வானத்தில் ஏற்றுவானேன்? இரண்டும் அங்கேயே கிடைக்கும்.

3. ரெகுலேட்டர்: கைப்பையில்தான். எக்ஸ்-ரேயில் நாலு குழாய், ஒரு மீட்டர், ஓர் உலோக உருண்டை தெரிந்ததும் பை தனியே ஒதுங்கும். "என்ன சார் இது?" என்றால் பாயில் விதியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். மவுத்பீஸை வாயில் வைத்து இழுத்துக் காட்டுங்கள். மறுமுனையில் மூடி இருப்பதால் காற்று வராது, கன்னம் ஒட்டும், கண் பிதுங்கும். மூச்சுக் கருவிதான் என்று நம்பிவிடுவார்கள்.

4. கத்தி, டார்ச்: கத்தி பெட்டியில் மட்டும், டார்ச்சின் உபரி லித்தியம் பேட்டரி கைப்பையில் மட்டும். மாற்றி வைத்தால் பெட்டியையும் பையையும் திறந்து காட்டி முடிப்பதற்குள் விமானம் போய்விடும்.

5. ஃபின்ஸ்: கால் நுழையும் பொந்தை வீணாக்காதீர்கள். சாக்ஸ், சார்ஜர், அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி எல்லாம் அதற்குள் போகும்.

6. தராசு 17 காட்டினால்: வெட்சூட்டை எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். மே மாதச் சென்னையில் 5 மில்லிமீட்டர் நியோப்ரீன். போர்டிங் அழைப்பு வருவதற்குள் உங்கள் எடையும் கணிசமாகக் குறையும்.

7. திரும்பும்போது: பல நாள் தொடர்ந்து டைவ் அடித்தவர்கள், கடைசி டைவுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. உடலில் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் குறைந்த கேபினில் குமிழாகக் கிளம்பும். இது மட்டும் விளையாட்டல்ல. அந்த 18 மணி நேரமும் வெட்சூட்டைக் கொடியில் போட்டுக் காவல் காக்கலாம். தீவின் ஈரக்காற்றில் அது காயாது. வந்ததைவிடக் கனமாகத் திரும்பும் பெட்டிக்குக் கூடுதல் கட்டணம் கட்டுங்கள். கடல்நீரை விலை கொடுத்து ஏற்றிவந்த பெருமை உங்களைச் சேரும்.

8. ரசீது: விமான நிலையத்திலேயே கிழித்துப் போடவும். வாடகை மிச்சமாகும் என்று சொல்லித்தான் வீட்டில் இத்தனையும் வாங்க அனுமதி பெற்றீர்கள்.