ரொக்கட் மாஸ்டர்

கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் பெருவீதியில், சிலாபத்தையும் முந்தலையும் கடந்து, ஒருபுறம் தென்னந்தோட்டமும் மறுபுறம் களப்புக் காற்றுமாக எதிர்ப்படும் மதுரங்குளியில் இறங்கி, சந்தியிலுள்ள எந்தத் தேநீர்க் கடையிலேனும் ‘ரொக்கட் மாஸ்டர் வீடு எது?’ என்று விசாரித்தால், கேட்டவரை ஒரு கணம் அனுதாபத்தோடு ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் வழி சொல்வார்கள். மாஸ்டர் ரொக்கட் செய்தவருமல்லர். ரொக்கட்டை நேரிற் கண்டவருமல்லர். அரசாங்கப் பாடசாலையில் நெடுங்காலம் கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்து ஓய்வு பெற்று, அமெரிக்க தேசத்து விஞ்ஞானக் கதைச் சஞ்சிகைகளுக்குச் சிறுகதை அனுப்பிக்கொண்டிருப்பவர். எழுதுகிறவர்கள் எங்கும் உண்டு. எழுதியதைப் பிரசுரமாகக் கண்டவர்களும் சிலர் உண்டு. பிரசுரத்தைப் பற்றிய கவலையின்றி அனுப்புவதையே ஒரு விரதமாக அனுஷ்டிப்பவர்கள் தனியொரு வர்க்கத்தார். அவ்வர்க்கத்தார் மட்டக்களப்பிலும் இருப்பார்கள், திருச்சிராப்பள்ளியிலும் இருப்பார்கள். நான் நெருங்கிப் பழகியவர் மதுரங்குளிக்காரர் ஆகையால் அவரையே எடுத்துக்கொள்கிறேன்.

இத்தகையோருக்குச் சொந்த ஊர்ச் சஞ்சிகைகளின் மீது பழைய மனத்தாங்கல் ஒன்று இருப்பது சகஜம். மாஸ்டர் எழுதத் தொடங்கிய காலத்தில், ஈழத்துத் தமிழ் எழுத்தாளனுக்கு வீரகேசரி, தினகரன் ஆகியவற்றின் ஞாயிறுப் பதிப்புகளும், 1966 முதல் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்திலிருந்து நடத்திவந்த ‘மல்லிகை’ போன்ற இலக்கியச் சஞ்சிகைகளுமே புகலிடம். கதை என்றால் அதில் வயலும் வறுமையும் சாதிக் கொடுமையும் இருக்கவேண்டும் என்பது அக்காலத்து விமரிசகர் பலரின் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்தில் நியாயமும் இருந்தது. மாஸ்டரின் முதற் கதையைப் பெற்ற பத்திராதிபர் ஒருவர், பெயர் வேண்டாம், ‘கதையில் மண்வாசனை இல்லை’ என்று தபாலட்டையில் இரண்டு வரி எழுதித் திருப்பிவிட, ‘செவ்வாய்க் கிரகத்திலும் மண்தானே இருக்கிறது, அதுவும் செம்மண்!’ என்று மாஸ்டர் மறுதபாலில் பதில் விடுத்தார். அத்தோடு அந்தக் கடிதப் போக்குவரத்து நின்றது. அன்றுமுதல் அவருடைய தபால்கள் யாவும் சமுத்திரம் தாண்டலாயின.

நம்பிக்கை கொள்வதற்கு அவரிடம் காரணங்களுக்குக் குறைவில்லை. ஹியூகோ கேர்ன்ஸ்பாக் என்பார் விஞ்ஞானக் கதைகளுக்கென்றே ஆங்கிலத்தில் முதன்முதலாக ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ சஞ்சிகையை நியூயோர்க்கில் தொடங்கியது 1926இல். சிலாபத்தோடு நின்றிருந்த இருப்புப்பாதை மதுரங்குளி வழியாகப் புத்தளத்தை எட்டியதும் அதே 1926இல். இவ்விரண்டையும் தற்செயல் என்று கொள்பவர்களுக்கு விஞ்ஞான நோக்குப் போதாதென்பது மாஸ்டரின் துணிபு. 1956இல் இலங்கையில் வந்து குடியேறிய ஆங்கில விஞ்ஞானக் கதாசிரியர் ஆர்தர் சி. கிளார்க் 2008 மார்ச் 19ஆம் திகதி கொழும்பில் காலமானார். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர், பெப்ரவரி 27ஆம் திகதி, தமிழில் விஞ்ஞானக் கதைகள் எழுதிய சுஜாதா சென்னையில் காலமானார். ‘இரண்டு நாற்காலியும் ஒரே நேரத்தில் காலியாகிவிட்டன’ என்று அந்நாட்களில் தேநீர்க் கடையில் மாஸ்டர் தழுதழுத்தபோது, அந்தத் துக்கத்தில் ஒரு விண்ணப்பதாரரின் தொனியும் கலந்திருந்ததை நான் கவனிக்கத் தவறவில்லை.

கிளார்க்கிடம் அவருக்குப் பக்தியும் உண்டு, வழக்கும் உண்டு. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை நிறுத்தினால் அது பூமியோடு சேர்ந்து சுழன்று ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும், அதைக் கொண்டு உலகமெங்கும் ஒலிபரப்பலாம் என்று 1945இல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ சஞ்சிகையில் கிளார்க் எழுதிய வியாசத்துக்குக் கிடைத்த சன்மானம் 15 பவுண். இன்று மதுரங்குளியில் கூரைக்குக் கூரை மல்லாந்து கிடக்கும் டிஷ் அன்டெனாக்கள் அனைத்தும் அந்த 15 பவுண் வியாசத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் மாமியார் மருமகள் சண்டை காட்டுகின்றன என்று சொல்லும்போது மாஸ்டரின் கண்கள் பனிக்கும். ஆனால் 1979இல் வெளிவந்து ஹியூகோ, நெபியூலா ஆகிய இரு பரிசுகளையும் தட்டிக்கொண்ட ‘த ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ நாவலின் பேச்சு வந்துவிட்டால் அவர் குரல் மாறிவிடும். விண்ணுக்கு ஏறும் மின்தூக்கியை நிறுவப் பூமத்திய ரேகையில் ஒரு மலை வேண்டியிருந்ததால், கிளார்க் அந்நாவலில் நம் தீவை அப்படியே எண்ணூறு கிலோமீற்றர் தெற்கே நகர்த்திவிட்டார். ‘ஒரு வெள்ளைக்காரர் ஒரு முழுத் தீவையே இழுத்துக்கொண்டு போகலாம்; நான் மதுரங்குளி ஸ்டேஷனை மட்டும் சந்திரனில் கொண்டுபோய் வைத்தால் நம்பத் தகுந்ததாக இல்லையாம்!’ என்று அவர் மேசையைத் தட்டுவதில், யோசித்துப் பார்த்தால், நியாயம் இல்லாமலில்லை.

அனுப்பும் கலையின் பூர்வ சரித்திரம் இக்காலத்து இளைஞர்களுக்குத் தெரிய நியாயமில்லை. அந்நாளில் கதையோடு கூடவே சுயவிலாசமிட்ட உறையொன்றையும், அந்நிய தேசத்தில் முத்திரையாக மாற்றிக்கொள்ளத்தக்க சர்வதேசப் பதிற் கூப்பன்களையும் இணைத்தனுப்ப வேண்டும். தன் சரக்கு வேண்டாமென்று திரும்பி வருவதற்கான கூலியைத் தானே முற்பணமாகக் கட்டும் வியாபாரம் உலகில் இது ஒன்றாகத்தான் இருக்கும். உப தபாலகத்தில் அந்தக் கூப்பனை அவரன்றி வேறெவரும் கேட்டதில்லையாதலால், தபால் அதிபர் அவர் தலையைக் கண்டதும் பெருமூச்சு விட்டபடி விதிப் புத்தகத்தைத் தேடுவார். இப்பொழுது அந்தச் சிரமமெல்லாம் இல்லை. சந்தியிலுள்ள கொமினிகேஷன் கடைப் பையன், ரீலோட் போட வந்தவர்களைச் சற்று நிறுத்தி வைத்துவிட்டு, ‘சேர், அனுப்பியாச்சு’ என்று ஒரு பொத்தானை அழுத்தினால் கதை அமெரிக்கா சேர்ந்துவிடுகிறது. நிராகரிப்பும் அதே வேகத்தில் வந்துவிடுகிறது என்பதுதான் நாகரிகத்தின் கோளாறு.

நிராகரிப்புக் கடிதங்களுக்கு உரை காண்பதில் மாஸ்டரை வெல்ல ஆளில்லை. இரண்டு நாளில் பதில் வந்தால், படித்த மாத்திரத்தில் பத்திராதிபருக்கு ஏற்பட்ட அதிர்ச்சியே அவசரத்துக்குக் காரணம். இரண்டு மாதம் சென்று வந்தால், ஆசிரியர் குழுவில் கடும் விவாதம் நடந்து, மயிரிழையில் கதை தோற்றிருக்கிறது. பதிலே வராவிட்டால், ஹொலிவூட்டில் எவனோ படம் எடுத்துக்கொண்டிருக்கிறான். சஞ்சிகைகளின் விதிமுறைகளை அவர் சட்டத்தரணி போல வாசிப்பார். பேசும் பூனையும் பேசும் வாளும் வரும் கதைகள் எம்மிடம் எடுபடுவது கடினம் என்று ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ சஞ்சிகை பகிரங்கமாகவே எழுதி வைத்திருந்தது; அதைப் படித்த மாஸ்டர், தம் கதையில் பேசிக்கொண்டிருந்த பூனையை ஆடாக மாற்றி, விதிக்குப் பங்கமில்லாமற் செய்துவிட்டார்.

மனைவியாருடைய அபிப்பிராயம் வெகுகாலம் வரை, ‘இஞ்சாருங்க, செவ்வாய்க்குப் போறதுக்கு முன்னால கடைக்குப் போய்ட்டு வாங்க, தேங்காய் முடிஞ்சி’ என்ற அளவிலேயே இருந்தது. 2022இல் டொலரின் விலை சில வாரங்களுக்குள் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குத் தாவியபோது, சொல்லொன்றுக்கு 12 அமெரிக்கச் சதம் வீதம் ஐயாயிரம் சொற் கதைக்கு இரண்டு இலட்சம் ரூபாய்க்கு மேல் வரும் என்று மாஸ்டர் கணக்குப் போட்டுக் காட்ட, அம்மையார் முதன்முறையாக, ‘கதைய இன்னும் கொஞ்சம் நீட்ட ஏலாதா?’ என்று இலக்கிய விமரிசனத்தில் இறங்கினார்.

கதைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். அவற்றின் நாயகர்கள் ஜோன், ரொபேர்ட் என்ற நாமதேயமுடையவர்கள், ஹியூஸ்டனில் பிறந்தவர்கள், நீலக் கண்ணர்கள். ஆயினும் எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் விண்கலத்தின் கதவைச் சாத்தியதும் முதற் காரியமாக இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ குடிப்பார்கள். இது மாஸ்டர் அறியாமலே அவர் பேனாவிலிருந்து நழுவி விழுவது. கதையை ஆங்கிலமாக்கித் தரும் மருமகள் எத்தனை முறை கோப்பியாக மாற்றினாலும், அடுத்த கதையில் மறுபடியும் கேத்தல் கொதிக்கும். எனக்கு அவர் கதைகளில் பிடித்த இடம் அது ஒன்றே.

ஏனென்றால், இந்த மனிதர் வீட்டு வாசலில் நின்றாலே போதும். அமெரிக்கப் பத்திராதிபர்கள் கண்டிராத விசித்திரமெல்லாம் அங்கேயே உண்டு. களப்புக்கு அப்பால் நுரைச்சோலையில் சீனர்கள் கட்டிய 900 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் நிற்கிறது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதென்று அமைச்சரே காரணம் சொல்லும்படி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. அதில் நுரைச்சோலையின் இயந்திரங்களும் படுத்துவிட்டன. கொழும்பு நகரத்தின் குப்பையைப் புகையிரதத்தில் ஏற்றி, ஏறக்குறைய 170 கிலோமீற்றர் வடக்கே, சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த அருவக்காட்டுக் குழிகளில் கொட்டுவதென்று அரசாங்கம் திட்டமிட, 2018இல் புத்தளம் மக்கள் திரண்டு வீதிக்கு வந்தார்கள். ஒரு தலைநகரம் தன் கழிவை இன்னொரு மாவட்டத்துக்கு ரயிலில் அனுப்புவதைச் செவ்வாய்க் கிரகத்தில் நடந்ததாக எழுதினால் ‘அபார கற்பனை’ என்பார்கள். இதையெல்லாம் நான் மாஸ்டரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘அது செய்தி, கதையல்ல’ என்று தீர்ப்புக் கூறிவிட்டார். குரங்கு மின்சாரத்தை நிறுத்திய அந்த வேளையிலும் அவர் வியாழனின் உபகிரகமொன்றுக்கு மின்சாரம் வழங்கிக்கொண்டிருந்தார் என்று கேள்வி.

அவருடைய ஜீவியத்தில் உண்மையாகவே இடி விழுந்தது 2023 பெப்ரவரியில். இணையத்தில் சுலபமாகப் பணம் பண்ணலாமென்று சிலர் ஊருக்கு உபதேசிக்க, அதை நம்பியவர்கள் கணினி இயந்திரத்தைக் கொண்டு கதைகளை உற்பத்தி செய்து சஞ்சிகைகளின் மீது கொட்டத் தொடங்கினார்கள். அந்த ஒரு மாதத்தில் மட்டும் இயந்திரக் கதைகள் ஐந்நூறுக்கு மேல் வந்து குவிந்ததால், கிளார்க்ஸ்வேர்ல்டின் ஆசிரியர் நீல் கிளார்க் 20ஆம் திகதி கதை பெறுவதையே நிறுத்திவிட்டு, அடுத்த மாதந்தான் மறுபடி வாசலைத் திறந்தார். மனிதனின் தொழிலை இயந்திரம் பறிப்பதாக வாழ்நாளெல்லாம் எழுதிவந்த மாஸ்டருக்கு, அந்த இயந்திரம் வந்து பறிக்க விரும்பிய முதற் தொழில் தம்முடையதாகவே இருந்தது ஒருவகையில் பெருமையாகத்தான் இருந்தது. ‘பார்த்தீர்களா, நான் சொன்னேனல்லவா!’ என்று கடை கடையாக அறிவித்துக்கொண்டு திரிந்தார்.

அந்தப் பெருமை நீடிக்கவில்லை. ‘அசிமோவ்ஸ்’ சஞ்சிகையின் ஆசிரியை ஷீலா வில்லியம்ஸ், தமக்கு வந்த இயந்திரக் கதைகளில் பல ‘கடைசி நம்பிக்கை’ என்ற ஒரே தலைப்பைத் தாங்கி வந்ததாகச் சொன்ன செய்தியைக் கொமினிகேஷன் கடைப் பையன் வாசித்துக் காட்டியபோது, மாஸ்டரின் முகம் விழுந்துவிட்டது. வீட்டுப் பெட்டகத்தில் அதே தலைப்பில், அவரே தம் கைப்பட எழுதி, கூப்பன் வைத்தனுப்பித் திரும்பி வந்த கதை ஒன்று கிடக்கிறது. ஜோன் அதில் பூமியை இரட்சிக்கிறான். இயந்திரம் திருடிவிட்டது என்று சொல்லவும் வழியில்லை. அக்கதையைத்தான் எவரும் அச்சிடவில்லையே!

ஒரு வாரம் மாஸ்டர் எழுதவில்லை என்று ஊரில் பேச்சு. பிறகு எழுதத் தொடங்கிவிட்டார், இன்றும் அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஆகையால் அமெரிக்க தேசத்துப் பத்திராதிபர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான்: இலங்கையிலிருந்து வரும் கதை ஏதேனும் இயந்திரம் எழுதியதோ என்று தங்களுக்கு ஐயம் தோன்றினால், சோதனைக் கருவிகளைத் தேடிச் சிரமப்பட வேண்டாம். மூன்றாம் பக்கத்தைப் புரட்டுங்கள். ஹியூஸ்டன்காரன் இஞ்சி போட்ட பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தால் அது எங்கள் மாஸ்டருடையது. நிராகரிப்பதானால் தாராளமாக நிராகரியுங்கள். பதிலை மட்டும் இரண்டு மாதம் தாமதித்து அனுப்புங்கள்.