நிம்மதி, மணிக்கணக்கில்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஒரு மோட்டார் சைக்கிள் போகும். பின்சீட்டில் கட்டியிருப்பது கொடிக்கம்பா, ஒட்டடைக் குச்சியா என்று டீக்கடைக்காரர்கள் குழம்புவார்கள். உறை போட்ட தூண்டில் அது. பக்கவாட்டில் மடக்கு நாற்காலி, முன்னால் ஃபிளாஸ்க், பையில் அவித்த மல்லாட்டை. வண்டியை ஓட்டுகிறவர் 'நிம்மதியா ஒரு நாள்' தேடிப் புறப்பட்ட நம் தூண்டில்காரர். சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் பார்ப்பவராக இருக்கலாம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இருக்கலாம், உரக்கடை வைத்திருப்பவராகவும் இருக்கலாம். தொழில்தான் வேறு, ஆள் ஒரே ஆள்தான்.

இவர் ஏரிக்குப் போக மாட்டார். நம் பக்கத்து ஏரிகளில் மீன் பெரும்பாலும் குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைக்காரரின் ஆள் கரையில் கம்போடு சுற்றிக்கொண்டிருப்பார். அரை டவுசர் காலத்தில் அந்தக் கம்புக்குத் தப்பி ஓடியவர்தான் இவரும். இப்போது முழங்கால் ஒத்துழைக்காது, கௌரவமும் ஒத்துழைக்காது. கோடையில் ஏரி வற்றியதும் ஊர் திரண்டு சேற்றில் இறங்கும் மீன்பிடித் திருவிழாவுக்கும் போவார். ஆனால் வேட்டி அழுக்காகும் என்று கரையிலேயே நின்று, ஊத்தாவோடு இறங்கியவர்களுக்கு "அந்தப் பக்கம் போடுப்பா, அந்தப் பக்கம்" என்று யோசனை மட்டும் வழங்குவார்.

ஆகவே, காசு கட்டி மீன் பிடிக்கும் குட்டை. மக்காச்சோளக் கொல்லைக்கு நடுவில் ஒரு பண்ணைக்குட்டை, கரையில் நாலு வேப்பமரம், ஒரு கீற்றுக்கொட்டகை. தூண்டில் போட மணிக்கு இவ்வளவு; மீன் பட்டால் கிலோவுக்குத் தனியாக இவ்வளவு. படாவிட்டால் ஒன்றும் திரும்ப வராது.

நாற்காலியை விரித்ததும் நிம்மதி தொடங்க வேண்டும். தொடங்காது. முதலில் நிழல் சரியில்லை என்று இடம் மாற்றுவார். பிறகு காற்று சரியில்லை என்று மாற்றுவார். அப்புறம்தான் இரையை எடுப்பார். மண்புழு சாமானியர்களுக்கு. இவருடையது மைதா, வெல்லம், பொடித்த ஏலக்காய், இன்னும் வெளியே சொல்லக்கூடாத ஒரு பொருள். வீட்டில் பாயசம் வைக்க ஏலக்காய் தேடும்போதுதான் அது எங்கே போனது என்று தெரியவரும்.

மீனைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை என்று வையுங்கள். குட்டையில் மூன்று வகைக் கெண்டையைச் சேர்த்து வளர்ப்பார்கள். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். ஒரே தண்ணீரில் மூன்று மாடிக் குடியிருப்பு. எந்த மாடிக்கு எவ்வளவு நரம்பு விட வேண்டும், ஈயக்குண்டு எத்தனை கட்ட வேண்டும் என்று பக்கத்தில் முதல்முறை வந்த பையனுக்கு அரை மணி நேரம் பாடம் நடத்துவார். அந்த நேரமெல்லாம் அவருடைய தூண்டில் மூன்று மாடிக்கும் சொந்தமில்லாத கரையோரப் புல்லில் சிக்கிக் கிடக்கும்.

காலை ஏழு மணிக்கு மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைப் பிளக்கும். "பாத்தீங்களா, பசி! இன்னிக்கு வேட்டைதான்" என்பார். பசியெல்லாம் இல்லை. எருப் போட்டுப் பச்சை பிடிக்க வைத்த குட்டையில் இரவெல்லாம் பாசியும் மீனும் சேர்ந்து தண்ணீரில் உள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும். வெயில் ஏறினால்தான் பாசி அதைத் திரும்பக் கொடுக்கும். அதுவரை மீன் மூச்சுக்குத் திண்டாடுகிறது. மூச்சுக்குத் திண்டாடுகிறவனிடம் ஏலக்காய் உருண்டையை நீட்டினால் தின்பானா?

வெயில் ஏறிய பிறகாவது தின்னுமே என்றால், குட்டைக்காரர் சாமர்த்தியசாலி. சாக்கில் ஓட்டை போட்டு, கடலைப் புண்ணாக்கும் தவிடும் நிரப்பி, மூங்கில் கழியில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருப்பார். மூச்சு திரும்பிய மீன்கள் நேரே சாக்குக்குப் போய் வயிறு முட்டத் தின்றுவிட்டு அக்கடா என்று கிடக்கும். வாடிக்கையாளர் மணிக்கணக்குக்குப் பணம் கட்டிக் காத்திருப்பார். நம்மவர் குறைப்பட்டுக்கொண்டால், "இப்பதான் சார் அந்த மூலையில நாலு கிலோ கட்லா ஒண்ணு துள்ளுச்சு, நீங்க பாக்கலியா?" என்பார். அந்த நாலு கிலோ கட்லாவை யாரும் பார்த்ததில்லை. அதுதான் குட்டையின் மூலதனம். சார் இன்னும் ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டுவார்.

நிம்மதியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதற்குள் மூன்று போன் வந்திருக்கும். மூன்றிலும் "நான் எங்க இருக்கேன் தெரியுமா? சத்தமே இல்லாத இடம்!" என்று கொல்லைக்கே கேட்கும்படி கத்தியிருப்பார். ஐசக் வால்டன் என்ற ஆங்கிலேயர் 1653-லேயே தூண்டிலைப் புகழ்ந்து, அது சிந்திப்பவனின் பொழுதுபோக்கு என்று ஒரு புத்தகம் எழுதினார். அவர் காலத்தில் செல்போன் இல்லை.

பதினோரு மணிக்குத் தக்கை அமுங்கும். ஊரைக் கூட்டி இழுத்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபி. ஆப்பிரிக்காவிலிருந்து 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அதன்பின் யாரும் வேண்டிக் கேட்காமலே குளங்குட்டையெல்லாம் பெருகிய மீன். குட்டைக்காரருக்கே வேண்டாத மீன். தீனியைத் தின்று தீர்க்கிறதே என்று அவருக்குக் கோபம். ஆனாலும் தராசில் வைத்துக் காசு வாங்குவார். நம்மவர் அதை முகத்துக்கு நேராக நீட்டிப் பிடித்துப் படம் எடுப்பார். கையை எவ்வளவு முன்னால் நீட்டுகிறாரோ அந்த அளவுக்கு மீன் பெரிதாகும். இந்தத் தொழில்நுட்பத்தில் மட்டும் அவரை மிஞ்ச ஆளில்லை.

சின்ன மீன் என்று யாராவது சிரித்துவிட்டால் பேச்சு வரலாற்றுக்குப் போய்விடும். "தம்பி, இது சாதாரண மண்ணு இல்ல. அரியலூரே கடலுக்கடியில கெடந்த ஊரு. சுண்ணாம்புப் பாறைய வெட்டினா சுறாப் பல்லு வருது. வாரணவாசியில மியூசியமே வெச்சிருக்கான், போய்ப் பாரு" என்பார். சொல்வதெல்லாம் உண்மைதான். இங்கே கடல் இருந்தது, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் சுறாவும் இருந்தது. இவர் கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டார், அவ்வளவுதான்.

வீட்டம்மாவுக்கு இந்த வரலாறெல்லாம் எடுபடாது. மணிக்கட்டணம், மீன் காசு, பெட்ரோல், ஏலக்காய் நாலையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "பெரம்பலூர் கடையில வாங்கினா செதிலும் எடுத்துக் குடுப்பாங்க" என்பார். அதற்கு மேல் அந்த வீட்டில் விவாதம் நடந்ததில்லை. ஜிலேபியைச் சாம்பல் போட்டு உரசிக் கழுவுவது யார் என்பது மட்டும் சிறிது நேரம் முடிவாகாமல் இருக்கும். கடைசியில் சார்தான் கழுவுவார்.

ஆனாலும் அவரை ஏமாளி என்று நான் சொல்ல மாட்டேன். சாக்கு தொங்குவது அவருக்கும் தெரியும். கரையில் உட்காரும் எல்லோருக்கும் அது தெரியும். வாரம் ஆறு நாளும் ஆலை சங்கு, கடன் தவணை, மாப்பிள்ளை வீட்டார், மழை என்று காத்திருக்கிறவர் ஏழாம் நாள் காசு கொடுத்துக் காத்திருக்கிறார். இங்கே காத்திருந்தது வராவிட்டால் நஷ்டம் ஒரு கட்லாதான்.

அந்தப் பக்கம் போனால் அவரைப் பார்த்து வணக்கம் சொல்லுங்கள், மல்லாட்டை கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். "ஏதாச்சும் பட்டுச்சா சார்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நீங்கள் நின்று பதில் கேட்ட நேரத்துக்கும் குட்டைக்காரர் காசு கேட்பார்.