சுறாவிடம் கைநீட்டுதல்
அமெரிக்க ஏபிசி தொலைக்காட்சியில் 2009 முதல் ஓடும் ‘ஷார்க் டேங்க்’ நிகழ்ச்சியில் தொழில்முனைவோர் முதலீடாகப் பணம் கேட்பதற்கும் ஒரு சம்பிரதாயம் உண்டு. கதவு திறந்ததும் நீண்ட நடைவழியில் சிரித்தபடி வர வேண்டும். கம்பளத்தின் மேல் நின்று, கேமராக்காரர்கள் திருப்தியடையும்வரை வாய் திறக்காமல் ‘சுறாக்கள்’ எனப்படும் கோடீஸ்வரர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகுதான் தொகை, பங்கு, பேரம். நடுவில் கண்ணீர் வந்தால் யாரும் தடுப்பதில்லை. கேமரா கொஞ்சம் கிட்டே வரும், அவ்வளவுதான்.

தொடக்க ஆண்டுகளில் இன்னொரு நயமும் இருந்தது. சுறாக்கள் காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், வந்தவர் தலைகாட்டியதற்கே தயாரிப்புத் தரப்புக்கு அவர் கம்பெனியில் 5 சதவீதப் பங்கு அல்லது லாபத்தில் 2 சதவீதம். கைநீட்ட வந்தவரிடமே நுழைவுக் கட்டணம்! 2013-ல் இதை எடுத்தே ஆக வேண்டும் என்று முறுக்கியவர் மார்க் கியூபன் என்ற சுறா. கருணை என்று அவசரப்பட வேண்டாம். தான் கடிக்கப்போகும் துண்டில் இன்னொருவர் முன்கூட்டியே வாய் வைத்தால் எந்தச் சுறாவுக்குத்தான் பொறுக்கும்?

அதே ஆண்டு ஜேமி சிமினாஃப் கேமரா வைத்த அழைப்பு மணியோடு வந்து, 10 சதவீதத்துக்கு 7 லட்சம் டாலர் கேட்டார். கியூபன் கும்பிடு போட்டார். கெவின் ஓலியரி என்ற சுறா மட்டும் மனமிரங்கினார்: பணத்தைக் கடனாகத் தருவாராம், விற்பனையிலும் பங்கு வேண்டுமாம், கம்பெனியிலும் வேண்டுமாம். சிமினாஃப் வெறுங்கையோடு திரும்பினார்.

2018-ல் ‘ரிங்’ என்று பெயர் மாறியிருந்த அந்த மணியை அமேசான் நூறு கோடி டாலருக்குமேல் கொடுத்து வாங்கியதாகச் செய்தி வந்தது. அந்த ஆண்டே சிமினாஃபை நிகழ்ச்சிக்கு மறுபடி அழைத்தார்கள், விருந்தினர் சுறாவாக. இந்தமுறை உட்கார நாற்காலி போட்டிருந்தார்கள்.