கால் மிஷினின் காலம்: ஓர் ஆய்வு

ஆய்வு நோக்கம்: பழைய தையல் மிஷின்களைத் தேடிப் பிடித்து, துரு நீக்கி, கூடத்தில் நிறுத்தி, காபி கொடுப்பதற்கு முன்பே விருந்தாளியிடம் அதன் வயதைச் சொல்லும் மாந்தரை ஆராய்தல். ஆய்வு எல்லை: கூடமும் காயலான் கடையும். அவர்கள் அதில் தைக்கிறார்களா என்ற கேள்வி எல்லைக்குள் வராது. ஆய்வு முன்னோடிகள்: எவருமில்லை. இருந்திருந்தாலும் நாம் படித்திருக்க மாட்டோம். அது துறை மரபு.

மிஷினின் தோற்றம் குறித்து அறிஞரிடையே பூசல் உண்டு. பிரான்சில் திமோனியே என்ற தையல்காரர் 1830இல் காப்புரிமை பெற்றார். பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய சக தையல்காரர்கள் பட்டறைக்குள் புகுந்து மிஷின்களை நொறுக்கினார்கள். இத்துறையின் முதல் நூல் மதிப்புரை இதுவே. அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இலும் ஐசக் சிங்கர் 1851இலும் காப்புரிமை வாங்கினர். பிறகு ஹோவ் வழக்குப் போட்டு சிங்கரிடம் பணமும் வாங்கினார். இயந்திரங்களைக் கடிந்துவந்த காந்தியடிகள் 1924இல் தையல் மிஷினுக்கு விலக்களித்தார். மனைவி கையால் தைத்து அல்லற்படுவதைப் பொறாமல் சிங்கர் அன்பினால் செய்த கருவி இது என்பது அவர் சொன்ன கதை. சிங்கரின் வாழ்க்கை வரலாற்றையும் அதில் வரும் குடும்பங்களையும் பார்த்தால், ‘எந்த மனைவி?’ என்ற இடத்தில் பாடபேதம் எழுகிறது.

வகைகள் மூன்று. மோட்டார் மிஷின்: ஆய்வுக்குரியதன்று. கை மிஷின்: தூக்கிப் பார்த்தவரின் இடுப்பைக் கேட்டறிக. கால் மிஷின்: இதுவே மெய்ப்பொருள். இதன் தலையைக் கழற்றிக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டு, வார்ப்பிரும்புக் காலின் மேல் கிரானைட் பலகை போட்டு வாஷ்பேசின் வைப்பவர்கள் நான்காம் வகையினர். அவர்களைப் பற்றி அச்சில் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை.

இனி காலக்கணிப்பு. விற்பவர் எல்லோரும் சொல்வது, “நூத்தம்பது வருஷத்து மிஷின் சார், வெள்ளைக்காரன் காலத்துது” (காயலான் கடைக்காரர், நேர்காணல், விலை பேசுமுன்). சிங்கர் மிஷினின் அடித்தட்டில் எண் பொறித்திருப்பார்கள். 1900க்கு முன் வெறும் எண். பிறகு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து. 1935 வாக்கிலிருந்து ஈரெழுத்து. அந்த ஈரெழுத்து ‘ஈ’யில் தொடங்கினால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் பிறந்தது. எனவே ‘ஈஜி’ மிஷின் ஒன்று நூற்றைம்பது வயதைத் தொட இன்னும் சில தலைமுறை தைக்க வேண்டும். சேகரிப்பாளர் இதற்கெல்லாம் கலங்குவதில்லை. மிஷின் தொன்மையானது, எண் மட்டும் பிற்கால இடைச்செருகல் என்று நிறுவிவிடுகிறார். தமக்குப் பிடித்த நூலின் காலத்தை ஐந்நூறு ஆண்டு பின்னுக்குத் தள்ள நம் பேராசிரியர்கள் கையாளும் நெறியும் இதுதான். ஆகவே குறை சொல்வதற்கில்லை.

எண் தேய்ந்துபோன மிஷினுக்கு இழுப்பறை அகழாய்வு. மேலடுக்கில் சேஃப்டி பின், அறுந்த இன்ச் டேப், யார் சட்டையுடையது என்று இனித் தெரியவே முடியாத ஒற்றைப் பொத்தான். அதன் கீழ், 2011இல் செல்லாமல் போன 25 காசு. இன்னும் கீழே தாமரை பொறித்த மஞ்சள் 20 காசு. சாமி உண்டியலில் போட எடுத்துவைத்தது, போடவில்லை (அத்தை, வாய்மொழி, பின்கட்டு). அடித்தளத்தில் பிளவுஸ் கொக்கிகள், பாதி பிளேடு, எண்ணெயில் ஊறிக் கறுத்த பாபின்கள், கெட்டியான கறுப்புப் பிசின் ஒன்று. பிசின் பெருங்காயம் என்பார் ஒரு சாரார். மெழுகு என்பார் மறுசாரார் (அதே அத்தை, திருத்திய பதிப்பு, மாமா வெளியே போன பின்). முழு அறிக்கையை, இந்நாட்டு அகழாய்வு மரபுப்படி, தோண்டியவர் ஓய்வு பெற்ற பிறகு வெளியிடுவோம்.

2009இல் சவூதி அரேபியாவில் இத்துறை உச்சத்தைத் தொட்டது. பழைய சிங்கர் மிஷினுக்குள் ‘சிவப்புப் பாதரசம்’ இருக்கிறது என்று வதந்தி கிளம்பி, மிஷின்கள் எக்கச்சக்க விலைக்குப் போயின. ஊசியருகே செல்போனைக் கொண்டுபோனால் இணைப்பு அறுந்துவிடும், அதுவே சான்று என்றார்கள். அப்படி ஒரு பொருளே இல்லை. கோயில் கலசத்தில் இரிடியம் தேடி முதலை இழந்த நம்மவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம்.

முடிவாக, புதுப்பித்த மிஷினில் தையல் ஏன் விழுவதில்லை என்ற சிக்கல். இதற்காகக் கூடிய பன்னாட்டுக் கருத்தரங்கில் (பக்கத்துத் தெருவிலிருந்தும் இருவர் வந்திருந்தனர்; கட்டணம் கட்டியோர்க்குச் சான்றிதழும் சாம்பார் சாதமும்) டென்ஷன் தட்டே காரணம் என்றது ஒரு கட்சி, ஷட்டிலே என்றது மற்றொன்று. அங்கே தைத்துத் தரப் பேன்ட் வாங்கிப் போக வந்த தையல்காரர் எட்டிப் பார்த்து, “ஊழி திரும்பியிருக்கு” என்றார் (வாய்மொழி, பல்லிடுக்கில் குண்டூசிகளுடன், பாடம் சிதைவுற்றது). ஊழி என்பது உலகமுடிவு, மிஷினுக்கும் ஒரு பிரளயம் உண்டு என்று உரை எழுதத் தொடங்கினோம். அவர் குண்டூசிகளை உள்ளங்கையில் துப்பி, “ஊசியத் திருப்பிப் போட்டிருக்கீங்க. தட்டைப் பக்கம் பாத்துப் போடணும்” என்றார் (செம்பதிப்பு). திருகைத் தளர்த்தி, ஊசியைத் திருப்பி மாட்டி, கிழிந்த துணியொன்றில் ஒரு முழம் ஓட்டிக் காட்டினார். அவருக்குச் சான்றிதழ் வழங்கப்படவில்லை, கட்டணம் கட்டவில்லை.

வீட்டில் பழைய மிஷின் வைத்திருப்போர்க்கு ஒரு வேண்டுகோள். ஸ்பிரிட், சானிட்டைசர் போட்டுத் துடைக்காதீர்கள். பொன்னெழுத்தின் மேல் பூசிய அரக்கு வார்னிஷ் கரைந்து வெளுத்துவிடும். மிஷின் ஆயிலைத் துணியில் தொட்டுத் துடையுங்கள், போதும்.