ஐ எம் ஃபைன், டீச்சர்!

மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணியோ லூனாஸோ பாடாங் செராயோ, கடைவரிசை மாடியில் ஒரு பாலர் பள்ளி இருந்தால் அங்கே ஓர் ஆங்கில டீச்சரும் இருப்பார். வீட்டில் மாமியாரிடம் தமிழும் மீன்காரரிடம் மலாயும் பேசும் அதே குரல், காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் ஒரு சுருதி மேலே ஏறிக்கொள்ளும். அவர் "குட் மார்னிங் சில்ரன்!" என்றால் தேவாரம் ஓதும் இழுவையில் பதில் வரும். "ஹவ் ஆர் யூ?" என்று முடிப்பதற்குள் "ஐ எம் ஃபைன், தேங்க் யூ" வந்துவிடும். ராத்திரியெல்லாம் காய்ச்சலில் கிடந்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் ஃபைன்தான். அடுத்து "வாட் இஸ் யுவர் நேம்?" "மை நேம் இஸ்" வரைக்கும் ஒற்றுமை, அப்புறம் அத்தனை பெயர்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும். யார் பெயரும் காதில் ஏறாமலேயே டீச்சர் "வெரி குட்!" என்பார்.

இதைப் பேச்சு என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ஆப்பிள் படத்தைக் காட்டி "வாட் இஸ் திஸ்?" என்று கேட்கிறார், அது ஆப்பிள் என்று அவருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். அந்த வகுப்பில் நிஜமான உரையாடல் ஒன்றே ஒன்றுதான்: "டீச்சர், மே ஐ கோ டு டாய்லெட்?" அதைக் கோரஸாக யாரும் சொல்வதில்லை. கேட்ட பிள்ளை பதிலுக்காக நிற்கிறது, சமயத்தில் ஒற்றைக்காலில். தேவை வந்தால் மொழி தானாக வரும் என்பதற்குக் கெடாத் தோட்டங்களே சாட்சி. தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான ஆயாக்கொட்டகையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மலாய் உரையாடல் வகுப்பு எடுத்தவர் யார்? ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிளை மறித்து "பெராப்பா?" (எவ்வளவு?) என்று கேட்கத் தெரிந்தது. மலாய்க் கம்பத்துப் பையன் "ஹாங் நாக் பி மானா?" (நீ எங்கே போகிறாய்?) என்றால் அதே கெடா இழுப்பில் பதில் சொல்லவும் தெரிந்தது. பந்து அவன் கையில் அல்லவா இருந்தது!

மலாய் வாசலிலேயே கிடக்கிறது, ஆங்கிலத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நியாயம்தான். அதனால்தான் வகுப்புக்குள் தேவையை உண்டாக்க வேண்டும் என்கிறேன். கலர் பென்சில் டப்பாவை மூடி வைத்துக்கொண்டு, கேட்டால்தான் கொடுப்பது என்று டீச்சர் உட்கார்ந்தால் போதும். கூச்சப்படும் பிள்ளைக்குக் கோரஸ்தானே துணை என்பார்கள். துணைதான், வாயை மட்டும் அசைத்து ஒரு வருஷத்தை ஓட்டுவதற்கும் அதுவே துணை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களிலேயே வேறு வழி காட்டினார்: கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்யட்டும், பேச்சு பிறகு வரட்டும். நம் டீச்சரின் "ஸ்டேண்ட் அப், சிட் டவுன்" பாதி அதுதான். பாவம், அதை அவர் தண்டனைக்கு வைத்திருக்கிறார்.

ஆனால் குற்றம் முழுவதும் அவருடையதல்ல. 2003இல் பள்ளியின் முதலாம் ஆண்டிலேயே கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்குப் போயின. 2009இல் அதைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. பெற்றோரின் பயம் மட்டும் கைவிடப்படவில்லை. கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டையில் நேர்முகத் தேர்வு ஆங்கிலத்தில் என்றால் பயம் எப்படிப் போகும்? கட்டிய காசுக்கு ஆண்டிறுதி விழாவில் ஆதாரம் கேட்கிறார்கள். ஆறு வயதுப் பட்டதாரி அங்கியும் தட்டைத் தொப்பியுமாக மைக் முன்னால் ஒப்பிப்பது கைப்பேசியில் அழகாகப் பதிகிறது. அதே பெற்றோர் ஒருநாள் தின்பண்ட வேளையில் எட்டிப் பார்க்கலாம். "ஒன் மோர், டீச்சர்" என்று தட்டை நீட்டும் பிள்ளைக்கு இலக்கணத்தில் பாதி மார்க்தான். மீஹூன் என்னவோ தட்டு நிறைய.