கற்பூரம் காட்டிய பிஸ்டல்

பிஸ்டலுக்குக் கற்பூரம் காட்டுவோம் என்று சொன்னால், இப்போது ரேஞ்சுக்கு வரும் பிள்ளைகள் ஆயுத பூஜையைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டுகிறார்கள். எண்பதுகளின் கடைசியில் ஏர் பிஸ்டல் பழகியவர்களுக்குத்தான் தெரியும், அது சாமி காரியம் இல்லை, குறி பார்க்கிற காரியம். குழலின் நுனியில் நகத்தளவு நிற்கிற இரும்புக் கட்டைக்கு ஃபோர்சைட் என்று பெயர். எண்ணெய்த் துணியால் துடைத்த பிஸ்டலை, மேலே தகரம் மட்டும் போட்ட அந்தக் காலத்து ரேஞ்சில், பக்கவாட்டு வெயிலில் தூக்கிப் பிடித்தால் அந்தக் கட்டையின் விளிம்பு மினுங்கும். இரும்பு எங்கே முடிகிறது, வெளிச்சம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. அதற்குத்தான் வில்லைக் கற்பூரம். அடுப்படியிலிருந்து கழித்துவிட்ட கரண்டியில் ஒரு வில்லையைப் போட்டுக் கொளுத்தி, காற்றுக்கு மறைவாக உட்கார்ந்து, குழல் காலிதானா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, பிஸ்டலைக் கவிழ்த்துப் பிடித்து, சுடர் படாமல் அதற்கு மேலே சுருளும் கரும்புகையில் ஃபோர்சைட்டை மட்டும் நீட்டுவோம். சில நொடிகளில் மினுக்கமே இல்லாத ஒரு கறுப்பு வந்து படியும். எந்தக் கடைப் பெயின்ட்டிலும் அந்தக் கறுப்பை நான் பார்த்ததில்லை. அதன்பிறகு விரல் மட்டும் படக்கூடாது. பட்டால் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். மேட்ச் நாளன்று காலையில் நாலு மூலையிலும் நாலு பேர் இப்படிக் குந்தியிருக்க, ரேஞ்ச் முழுக்கக் கற்பூர வாசனை நிற்கும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், மனிதக் கண்ணால் பின்குறி, முன்குறியான அந்த ஃபோர்சைட், டார்கெட் மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. பிஸ்டல் சுடுகிறவர் முன்குறியைத் தெளிவாக வைத்துக்கொண்டு டார்கெட்டை மங்கலாக விட்டுவிட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் நம்ப மறுக்கிற முதல் பாடம் இதுதான். பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கிற பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். முன்குறி பின்குறியை விட்டு ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் அங்கே முப்பது மில்லிமீட்டர் அளவுக்கு விலகிப்போய், பத்து ஏழாகிவிடும். அந்த ஒரு மில்லிமீட்டரைக் காப்பாற்றத்தான் கற்பூரம். இன்றைக்கு ஃபோர்சைட்டே மினுக்கமில்லாத கறுப்பில்தான் தொழிற்சாலையிலிருந்து வருகிறது, அகலத்தைத் திருகி மாற்றிக்கொள்ளவும் முடிகிறது, ரேஞ்சில் ஏசியும் நிழல் விழாத எல்.இ.டி. விளக்கும் வந்துவிட்டன. எல்லாம் நல்லதுக்குத்தான். ஆனால் மேட்ச்சுக்கு அரை மணி முன்னால் அந்தப் புகைக்கு முன் குந்தியிருந்தபோது படபடப்பு தானாக இறங்குமே, அதற்கு இப்போது பிள்ளைகள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார வேண்டியிருக்கிறது.

எங்கள் கிளப்பில் இருந்தவை ஃபெயின்வெர்க்பாவ் 65. 1965இல் வந்த ஜெர்மன் பிஸ்டல். பக்கத்திலிருக்கும் நீண்ட நெம்புகோலை இழுத்து ஸ்பிரிங்கை ஏற்ற வேண்டும். சுடும்போது குழலும் இயந்திரமும் சேர்ந்து தண்டவாளத்தில் பின்னால் நகர்ந்து அதிர்வை விழுங்கிக்கொள்ளும். கைக்கு ஒரு மெல்லிய நகர்வு மட்டும் வந்து சேரும். அந்த ஸ்பிரிங்குக்கும் தண்டவாளத்துக்கும் எந்த கிரீஸ், எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதில் ஆளுக்கொரு சித்தாந்தம் இருந்தது. கூடினால் புகையும், குறைந்தால் கிறீச்சிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செய்தித்தாள் விரித்து, கழற்றின திருகுகளைக் கழற்றின வரிசையிலேயே அடுக்கிவைத்து, வெள்ளைத் துணியில் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பூட்டிய பிறகு, நெம்புகோலை ஒருமுறை இழுத்து அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே சில பேர் வீட்டுக்குப் போகாமல் காத்திருப்போம். கழற்றிப் பூட்டிய கைக்கு டிரிகர் எங்கே தொடங்கி எங்கே கடித்து எங்கே விடும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

தொண்ணூறுகளில் கரியமில வாயு பிஸ்டல் வந்தது. நெம்புகோல் போயிற்று, கை வலி போயிற்று, கூடவே ஒரு ஜெர்மன் குளிர்காலத்துக்காகச் செய்த பொருள் நம் ஊர் மே மாதத்தைச் சந்தித்தது. வெப்பம் ஏறினால் அந்த வாயுவின் அழுத்தமும் ஏறும். காலை எட்டு மணிக்கு நடுவில் விழுந்த பெல்லட் மத்தியானம் மேலே போய் உட்காரும். ஈரத்துணி சுற்றி, நிழலில் பத்திரமாக வைத்து, அந்த வாயுக் குடுவைக்கு நாங்கள் செய்த பணிவிடையைப் பார்த்து எங்கள் வாத்தியார், "தம்பி, கைக்குழந்தைக்குக்கூட இவ்வளவு பாக்கமாட்டாங்கப்பா" என்பார். பிறகு அழுத்தக் காற்று வந்து அந்தக் கவலையையும் தீர்த்துவைத்தது. இருநூறு பார் வரை நிரப்பிவிட்டால் ஒரு மேட்ச் முழுக்க, சோதனைக் குண்டுகளையும் சேர்த்து, ஒரே வேகம். பராமரிப்பு என்று மிஞ்சியது சொற்பம்: சுட்டு முடித்ததும் குழலில் இரண்டு ஃபெல்ட் துண்டு ஓட்டுவது, ஓ-ரிங் காய்ந்துவிடாமல் பார்ப்பது, குடுவையில் பொறித்திருக்கிற காலக்கெடு தாண்டாமல் பார்ப்பது. பெரும்பாலும் பத்து ஆண்டுக் கெடு. தாண்டினால் போட்டியில் அனுமதி கிடையாது.

கிரிப் விஷயம் தனி. வால்நட் மரக் கைப்பிடி ஐரோப்பியக் கைக்கு அளவெடுத்து வரும். நம் கையில் கட்டைவிரலுக்கு இடமிருக்காது, உள்ளங்கையில் பள்ளமிருக்கும். தெருமுனை ஆசாரியிடம் கொண்டுபோனால் அவர் முதலில் துப்பாக்கி என்று பயந்து, பிறகு மரம்தானே என்று சமாதானமாகி, மரத்தூளையும் வஜ்ஜிரத்தையும் குழைத்து அப்பி, "இறுக்கிப் புடிங்க தம்பி, மூச்சு விடாம புடிங்க" என்பார். விரல் பதிந்த இடத்தை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து, வாரத்துக்குக் கொஞ்சமாக இழைத்து, கடைசியில் ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு கையை நுழைத்தால் பழகின செருப்பில் கால் நுழைவதுபோல நுழையும். கண்ணைத் திறந்தால் முன்குறி பின்குறியின் நடுவில் தானாக நிற்கும். அந்த நாளின் சந்தோஷத்தை அனுபவித்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் இப்போது வலது கையை ஒருமுறை மடக்கிப் பார்த்திருப்பார்கள். ஐப்பசி மழையில் மரம் ஊதி மறுபடியும் உப்புத்தாளை எடுக்கவைக்கும் என்பது வேறு கதை. இன்றைக்குக் கையை ஸ்கேன் எடுத்து அனுப்பினால் இயந்திரமே கடைந்து அனுப்பிவிடுகிறது. பொருத்தமாகத்தான் இருக்கிறது. எந்த விரல் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டும் சுடுகிறவருக்குத் தெரிவதில்லை.

மாறாத ஒரு சடங்கு டிரிகர் சோதனை. ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம். குழலை வானம் பார்க்க நிறுத்தி, எடைக்கட்டியின் கொக்கியை டிரிகரில் மாட்டி, மேஜையிலிருந்து மெதுவாகத் தூக்குவார்கள். கட்டி எழும்ப வேண்டும், டிரிகர் விழக்கூடாது. 500 கிராமுக்கு மேலே எவ்வளவு வைத்தாலும் கேட்பாரில்லை. ஆனால் ஒரு கிராம்கூட வீணாக்காமல் அந்தக் கோட்டிலேயே வைக்க ஆசைப்படாத ஷூட்டர் எங்கே இருக்கிறார்? திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பிவிட்டு வரிசையில் நின்று, கட்டி எழும்பும் அந்த ஒரு நொடியில் வரிசை முழுக்க மூச்சைப் பிடிக்கும். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

பேப்பர் டார்கெட்டைச் சொல்லாமல் எப்படி விடுவது? கம்பியில் தொங்கும் 17 சென்டிமீட்டர் சதுர அட்டை. சுட்டதும் கைப்பிடியைச் சுற்றினால் ஆடி ஆடி வரும். பத்தா ஒன்பதா என்று தெரிய அந்தச் சில நொடிகள் காத்திருக்க வேண்டும். அதற்குள் கை ஓய்ந்துவிடும், மூச்சு சீராகிவிடும், விழுந்த இடத்தை மனசு தானாகச் சொல்லிவிடும். அட்டை வந்ததும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, மனசு சொன்னது சரிதானா என்று பார்ப்போம். கோட்டைத் தொட்டால் மேல் எண். தொட்டதா இல்லையா என்ற சண்டை வந்தால் நடுவர் பித்தளை கேஜை ஓட்டைக்குள் இறக்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். இப்போது டிரிகர் விழுந்த அடுத்த கணமே திரையில் புள்ளி வந்துவிடுகிறது. ஃபைனலில் 10.9 வரை தசமமாகப் பிரித்துச் சொல்கிறது. சண்டைக்கு இடமில்லை, பேப்பர் எண்ணும் தாமதமில்லை, கிராமத்திலிருந்து வரும் பிள்ளைக்கும் ஒரே நீதி. அதற்காக நான் மனதார நன்றி சொல்வேன். ஆனால் மனசு பேசுவதற்குள் திரை பேசிவிடுகிறது. திரையை மூடிவைத்துவிட்டு, விழுந்த இடத்தைச் சொல்லு என்றால் நன்றாகச் சுடுகிற பிள்ளைகளே விழிக்கிறார்கள்.

கருவியைக் கையால் அறிந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் வயதானவர்களின் புலம்பல் என்று ஒதுக்க நினைப்பவர்கள் 2021 ஜூலை 25ஐ நினைத்துப்பார்க்க வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்றின் நடுவே மனு பாக்கரின் எலெக்ட்ரானிக் டிரிகர் பிஸ்டல் கோளாறாகி நின்றது. அவர் லேனை விட்டுப் போய், சரிசெய்துகொண்டு திரும்பி வருவதற்குள் நிமிடங்கள் கரைந்தன, கடிகாரம் நிற்கவில்லை. மீதமிருந்த குண்டுகளை அவசரமாகச் சுட்டு 575 எடுத்தும், இரண்டு புள்ளியில் ஃபைனல் கைநழுவியது. பத்தொன்பது வயதுப் பெண் அந்த நேரத்தில் அவ்வளவு சுட்டதே பெரிய காரியம். மூன்று ஆண்டுகள் கழித்து பாரிஸில் அதே போட்டியில் வெண்கலம், சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணியில் இன்னொரு வெண்கலம். அவருக்குப் பயிற்சி தந்த ஜஸ்பால் ராணா, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் சென்டர் ஃபயர் பிஸ்டலில் தங்கம் வாங்கியவர். அந்தச் செய்தித்தாளைக் கத்தரித்து எங்கள் ரேஞ்சுச் சுவரில் நெடுநாள் ஒட்டிவைத்திருந்தோம்.

அதே பாரிஸில்தான் துருக்கியின் யூசுஃப் டிகெச், ஒற்றைக்கண் லென்ஸ் சட்டம் எதுவும் இல்லாமல், சாதாரணக் கண்ணாடியோடு, ஒரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, 51 வயதில் கலப்பு அணி வெள்ளி வாங்கினார். உலகமே அதை அதிசயமாகப் பார்த்தது. கையைப் பையில் விடுவது அலட்சியம் இல்லை, தோள் ஆடாமலிருக்க நாங்கள் எல்லோரும் முதல் வாரத்தில் கற்றுக்கொள்வது. ஆனாலும் டி.வி. முன்னால் அன்றைக்கு நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

மனசு ஆறாத இடம் ஒன்று உண்டு. ஐம்பது மீட்டர் பிஸ்டல், பழையவர்கள் வாயில் ஃப்ரீ பிஸ்டல். டிரிகருக்குக் குறைந்தபட்ச எடை கிடையாது, மூச்சு பட்டால் விழுகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். கிரிப் கையை முழுக்கச் சுற்றிக்கொள்ளலாம், மணிக்கட்டைத் தொடாமல் இருந்தால் சரி. ஒரு முறைக்கு ஒரே குண்டு. சோவியத்தின் டோஸ்-35ஐ ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தவர்கள் சுலபத்தில் திருப்பித் தரமாட்டார்கள். 1980 மாஸ்கோவில் சோவியத் வீரர் மெலென்டியெவ் 600க்கு 581 எடுத்தார். தென்கொரியாவின் ஜின் ஜோங்-ஓ 583 எடுத்து அதைத் தாண்ட 2014 வரை ஆயிற்று. அவ்வளவு நாள் அசையாத சாதனைகள் விளையாட்டில் எத்தனை இருக்கும்? 1896இல் முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே வேறு தூரத்தில் தொடங்கிவிட்ட போட்டி, 2016 ரியோவோடு ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம எண்ணிக்கையில் போட்டி வேண்டும் என்பது நியாயம்; கலப்பு அணி வந்ததும் நல்லது. ஆனால் மனிதக் கையும் இயந்திரமும் மிக நெருங்கி வேலை செய்த ஒரு போட்டியை வெளியே அனுப்பித்தான் அந்த இடத்தை உண்டாக்க வேண்டியிருந்ததா என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் கிளப்பில் ஒரு பெண் பிள்ளையின் குடுவையிலிருந்து காற்று மெல்லக் கசிந்தது. புதுசு வாங்கித் தருகிறேன் என்றார் அப்பா. நான் மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, இருபது ரூபாய்கூடப் பெறாத ஓ-ரிங்கை மாற்றிக் காட்டினேன். "சார், இதை நானே செய்யலாமா?" என்று கேட்டாள். செய்யலாம் என்றேன். இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, சுடாமல், கழற்றிப் பூட்டுவது மட்டும் என்று வைத்திருக்கிறோம். நான் நினைத்ததைவிட அதிகம் பேர் வருகிறார்கள். திருகுகளைக் கழற்றின வரிசையிலேயே அடுக்குவதைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.